சர்க்கரையிலிருந்து கிராஃபீன்: ஓர் ஐஐடி ஆய்வுக் கட்டுரையிடம் ஐந்து கேள்விகள்

2012-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் 'ஏசிஎஸ் அப்ளைடு மெட்டீரியல்ஸ் அண்ட் இன்டர்ஃபேஸஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. தலைப்பைத் தமிழில் சொன்னால், 'சர்க்கரையிலிருந்து கிராஃபீனும் நீர் சுத்திகரிப்பில் அதன் பயனும்'. எழுதியவர்கள் ஐஐடி மெட்ராஸைச் சேர்ந்த சௌஜித் சென் குப்தா, ஸ்ரீபிரசாத், ஷிஹாபுதீன் மலியேக்கல், சரித் குமார் தாஸ், தலப்பில் பிரதீப். அதாவது மயிலாப்பூர்ல நான் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தூரத்தில், அடையாறைத் தாண்டி சர்தார் படேல் சாலையில் இருக்கிற வளாகத்தில் நடந்த வேலை.

நான் வேதியியல்காரன் இல்லை. பி.ஈ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவன். ஆனால் தண்ணீர் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பது என்னுடைய பழக்கம். சென்னையில் குடித்தனம் நடத்துகிறவனுக்கு இந்தப் பழக்கம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தக் கட்டுரையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது மோசமான வேலை என்பதல்ல. நல்ல வேலை என்பதால்தான். மோசமான கட்டுரையை விமர்சிப்பதில் யாருக்கும் லாபமில்லை. ஒரு நல்ல ஆய்வகம் எழுதிய, நல்ல இதழில் வந்த, நிறைய பேர் மேற்கோள் காட்டுகிற கட்டுரையில், எந்த வரி எவ்வளவு எடை தாங்கும் என்று பார்ப்பதில்தான் நமக்குக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும். என் கவனம் பெரும்பாலும் தலைப்பிலும் சுருக்கத்திலும் இருக்கிறது. காரணம், உலகத்தில் நடமாடுவது அந்த இரண்டும்தான். செய்தியாக வருவதும், வாட்ஸ்அப்பில் சுற்றுவதும், கல்லூரி மாணவரின் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஏறி உட்காருவதும் அவைதான்.

முதலில், என்ன செய்தார்கள்?

செய்முறையை எளிமையாகச் சொல்லிவிடலாம். கரும்புச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். அந்தப் பாகில் மணலைப் போட்டுக் கிளறி, தண்ணீர் வற்றும்வரை உலர்த்துகிறார்கள். இப்போது ஒவ்வொரு மணல் துகள் மேலும் சர்க்கரைப் பூச்சு. இதை நைட்ரஜன் சூழலில் 750 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குகிறார்கள். ஆக்ஸிஜன் இல்லாததால் சர்க்கரை எரிந்து சாம்பலாகாமல் கருகிக் கார்பனாகிறது. பிறகு அடர் கந்தக அமிலத்தால் ஒரு சிகிச்சை. கடைசியில் கிடைப்பது கறுப்பு மணல். ஒட்டுவதற்குப் பசை எதுவும் இல்லாமலேயே கார்பன் மணலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் கிராஃபீன்-மணல் கூட்டுப்பொருள்.

இதை ரோடமின் 6ஜி என்ற சாயத்திலும், குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லியிலும் சோதித்தார்கள். ஒரு கிராமுக்கு 55 மில்லிகிராம் சாயம், 48 மில்லிகிராம் பூச்சிக்கொல்லி பிடிக்கிறது, இது ஆக்டிவேட்டட் கார்பனை விட மேல், கரைப்பான் கொண்டு கழுவினால் மறுபடி பயன்படுத்தலாம், விலை குறைவு, வணிக அளவில் தயாரிக்கலாம் என்று சுருக்கம் சொல்கிறது.

இங்கே ஒரு சின்ன விளக்கம். தண்ணீரைப் பஞ்சு உறிஞ்சுவது வேறு, கரி சாயத்தைப் பிடிப்பது வேறு. இரண்டாவதை நம் பாடப்புத்தகங்கள் 'பரப்புக் கவர்தல்' என்கின்றன. மாசு கரியின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால் மேற்பரப்பு எவ்வளவு என்பதே முதல் விஷயம். நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கிராமில், உள்ளே இருக்கும் நுண்துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால், சுமார் 1000 சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய நாலரை கிரவுண்ட். ஒரு கிராம் கரிக்குள்ள நாலரை கிரவுண்ட் மனை! மயிலாப்பூரில் இருப்பவனுக்கு இதைவிடப் பொறாமை தரும் பொருள் வேறு இல்லை.

இன்னொரு சுவாரஸ்யம். சர்க்கரைக்கும் கரிக்கும் உறவு ரொம்பப் பழசு, ஆனால் தலைகீழ். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியச் சர்க்கரை ஆலைகள் பழுப்புப் பாகை வெள்ளையாக்க எலும்புக் கரியைப் பயன்படுத்தின. 1900-களின் தொடக்கத்தில் ராஃபேல் ஃபான் ஆஸ்ட்ரெய்கோ ஆக்டிவேட்டட் கார்பனுக்குக் காப்புரிமை வாங்கியபோதும் ஆரம்பகால வாடிக்கையாளர்கள் சர்க்கரை ஆலைகள்தான். சர்க்கரையைச் சுத்தப்படுத்த வளர்ந்த தொழில்நுட்பத்தை, இப்போது சர்க்கரையிலிருந்தே செய்து தண்ணீரைச் சுத்தப்படுத்தலாமா என்று கேட்கிறோம்.

சரி, கேள்விகளுக்கு வருவோம்.

கேள்வி 1: பெயர் சரிதானா?

கிராஃபீன் என்றால் கார்பன் அணுக்களின் ஒற்றை அடுக்கு. 2010-ல் அதற்காக ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து வந்த கட்டுரையின் தலைப்பில் அந்தச் சொல் இருக்கிறது. சுருக்கத்துக்குள் போனால் சொல் கொஞ்சம் இறங்கி, 'கிராஃபீன் தன்மை கொண்ட பொருள்' என்றாகிறது. அதற்குச் சான்றாகச் சொல்லப்படுவது ராமன் நிறமாலை: 1597-ல் ஜி பட்டை, 1338-ல் டி பட்டை.

இந்த இரண்டு பட்டைகளும் வந்தால் கிராஃபீன் என்று முடிவு கட்ட முடியாது. ஒழுங்கில்லாத கார்பன் எதுவாக இருந்தாலும் இந்த இரண்டையும் காட்டும். புகைக்கரி காட்டும், கொட்டாங்கச்சிக் கரியும் காட்டும். ஃபெராரி, ராபர்ட்சன் இருவரும் 2000-ல் எழுதிய, இந்தத் துறையில் எல்லோரும் கைகாட்டுகிற கட்டுரையின்படி, ஜி பட்டை கிராஃபைட்டின் 1581-லிருந்து நகர்ந்து 1600-ஐ நெருங்கினால், பொருள் மிகச் சின்னப் படிகத் துணுக்குகளாக உடைந்து கிடக்கிறது என்று அர்த்தம். ஒற்றை அடுக்கைக் காட்டிக்கொடுக்க வேண்டியது 2700 பக்கத்தில் வருகிற கூர்மையான இன்னொரு பட்டை. சுருக்கத்தில் அதைப் பற்றிப் பேச்சில்லை.

அதைவிட முக்கியமானது, சர்க்கரையின் குணம். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் என்றதும் நமக்கு டிஎன்ஏ ஞாபகம் வரும். அவர் அதற்கு முன்னால் கரியைப் பற்றித்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1951-ல் அவர் வெளியிட்ட கட்டுரை கார்பன்களை இரண்டு சாதியாகப் பிரித்தது: சூடாக்கினால் கிராஃபைட்டாக அடுக்கிக்கொள்பவை, எவ்வளவு சூடாக்கினாலும் அடுக்கிக்கொள்ள மறுப்பவை. இரண்டாவது வகைக்குப் பாடப்புத்தக உதாரணம் எது தெரியுமா? சர்க்கரைக் கரி. 3000 டிகிரிக்குப் போனாலும் அது ஒழுங்காக அடுக்கிக்கொள்ளாது. 750 டிகிரி எம்மாத்திரம்?

இது கெட்ட செய்தி அல்ல. ஒழுங்கில்லாமல் கசங்கிக் கிடப்பதால்தான் இடைவெளிகள் இருக்கின்றன, மாசு போய் உட்கார இடம் இருக்கிறது. தண்ணீர் சுத்திகரிக்கக் கிராஃபீன் தேவையே இல்லை, நல்ல கரி போதும். அப்புறம் எதற்கு அந்தப் பெயர்? 2013-ல் 'கார்பன்' இதழின் ஆசிரியர் குழுவே, கிராஃபீன் என்ற சொல்லைக் கண்டபடி ஒட்டாதீர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியலை வெளியிட வேண்டி வந்தது. இந்த ஒரு கட்டுரை மட்டும் குற்றவாளி அல்ல, அந்தக் காலகட்டத்தின் காற்று அப்படி. நம்ம துறையில் இன்றைக்கு எல்லாவற்றுக்கும் 'ஏஐ' என்று பெயர் வைப்பது மாதிரி.

கேள்வி 2: அந்த 55-ம் 48-ம் எந்த இடத்தில் எடுத்த எண்கள்?

எனக்கு இதுதான் மையமான கேள்வி. கொஞ்சம் கணக்கு போடுவோம்.

ஒரு குடும்பம் ஒரு நாளைக்கு 20 லிட்டர் குடிக்கவும் சமைக்கவும் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் குளோர்பைரிஃபாஸ் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 100 மைக்ரோகிராம், வருஷத்துக்கு 36.5 மில்லிகிராம். ஒரு கிராம் 48 மில்லிகிராம் பிடிக்கும் என்றால், இந்தக் குடும்பத்துக்கு ஒரு வருஷத்துக்குத் தேவையான கறுப்பு மணல் முக்கால் கிராம். ஒரு டீஸ்பூன் கூட இல்லை!

இந்த விடையைப் பார்த்ததும் எங்கேயோ இடிக்கிறது இல்லீங்களா? இடிக்கத்தான் வேண்டும். 48 என்பது மேற்பரப்பு முழுக்க நிரம்பும் நிலைக்கான எண். தண்ணீரில் மாசு ஏராளமாக இருந்து, கரியில் உட்கார இடமே இல்லாமல் போகும்போது கிடைப்பது. நம் வீட்டுத் தண்ணீரில் மாசு மிகக் குறைவு. அந்தக் குறைவான செறிவில் கரி எவ்வளவு பிடிக்கும் என்பது வேறு எண்.

இர்விங் லாங்மியூர் நூறு வருஷத்துக்கு முன்பே இதற்குச் சமன்பாடு கொடுத்துவிட்டார். அதில் இரண்டு அளவுகள். ஒன்று கொள்ளளவு, அதாவது மொத்த இருக்கைகள். இன்னொன்று பிடிப்பு, அதாவது கூட்டம் குறைவாக இருக்கும்போதும் ஆளை இழுத்து உட்கார வைக்கும் சக்தி. விளக்கத்துக்காக நானே இரண்டு கற்பனைக் கரிகளை எடுத்துக்கொள்கிறேன். முதல் கரி: கொள்ளளவு 55, பிடிப்பு 0.1. இரண்டாவது கரி: கொள்ளளவு 30, பிடிப்பு 1. கட்டுரைத் தலைப்பில் வெல்வது முதல் கரி.

லிட்டருக்கு 100 மில்லிகிராம் செறிவில் முதல் கரி கிராமுக்கு 50 மில்லிகிராம் பிடிக்கும், இரண்டாவது சுமார் 30. லிட்டருக்கு 10 மில்லிகிராமில் இரண்டும் ஏறக்குறைய சமம், 27 சொச்சம். இப்போது லிட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்கு இறங்குங்கள். முதல் கரி 0.16, இரண்டாவது 0.87. தோற்ற கரி ஐந்து மடங்குக்கு மேல் முன்னால் நிற்கிறது!

0.03 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. இந்தியக் குடிநீர்த் தரநிலை ஐஎஸ் 10500 (2012) குளோர்பைரிஃபாஸுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். பாட்டில் தண்ணீருக்கு இன்னும் கடுமை: எந்தத் தனிப் பூச்சிக்கொல்லியும் 0.1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. போட்டி நடக்க வேண்டிய மைதானம் அங்கே இருக்கிறது. குளோர்பைரிஃபாஸ் தண்ணீரில் கரைவதே லிட்டருக்கு ஒன்று, ஒன்றரை மில்லிகிராம்தான். ஆகவே முழுக்கொள்ளளவு என்ற எண் வீட்டுக் குழாயில் ஒருநாளும் எட்டப்படாத எண்.

எங்க பாஷையில் சொன்னால், இது பெஞ்ச்மார்க் பிரச்சினை. சர்வரை முழு லோடில் வைத்து எடுத்த எண்ணைக் காட்டி, ராத்திரி மூணு மணிக்கு ஒரே ஒரு ரிக்வெஸ்ட் வரும்போது எவ்வளவு வேகம் என்று கேட்பவருக்குப் பதில் சொல்வது மாதிரி. எண் பொய்யில்லை, கேள்விதான் வேறு.

கேள்வி 3: பரீட்சைத் தாள் எவ்வளவு சுலபம்?

ரோடமின் 6ஜி லேசர் சாயம். கண்ணைப் பறிக்கும் நிறம், கருவியில் அளப்பது சுலபம், அதனால் உலகம் முழுக்க ஆய்வகங்களுக்குப் பிடித்தமானது. அது நேர்மின் சுமை கொண்ட சாயம். கரியின் மேல் அமிலத் தன்மையுள்ள ஆக்ஸிஜன் குழுக்கள் இருந்தால் அவை நேர்மின் சாயத்தை விரும்பி இழுக்கும்.

நம்ம ஊரில் சாயப் பிரச்சினை என்றால் திருப்பூர். நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆயின என்பது எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அங்கே பருத்திக்குப் போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயங்கள். அவை எதிர்மின் சுமை கொண்டவை, கூடவே ஏராளமான உப்பும் கலந்து வரும். ரோடமினில் வாங்கிய மார்க்கை வைத்து அங்கே சேர்த்துக்கொள்ள முடியாது, அது வேறு பாடம்.

பூச்சிக்கொல்லித் தேர்வு அதைவிட நியாயமானது. 2003-ல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் பாட்டில் தண்ணீரிலும், பிறகு குளிர்பானங்களிலும் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. விஷயம் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவரை போனது. அந்தப் பட்டியலில் குளோர்பைரிஃபாஸ் இருந்தது. இந்தியத் தண்ணீருக்குப் பொருத்தமான மாசு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது தண்ணீரை வெறுக்கிற மூலக்கூறு. எண்ணெய், தண்ணீர் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பல்லாயிரம் மடங்கு எண்ணெய்ப் பக்கம் போய்விடும். தண்ணீரை விட்டு ஓடத் தயாராக நிற்பதைப் பிடிக்கச் சுமாரான கரியே போதும். ஒரு கரியின் திறமை தெரிய வேண்டுமென்றால், தண்ணீரிலேயே சுகமாகக் கரைந்து கிடப்பதைப் பிடித்துக் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டின் பெரிய நோவுகளில் பல அப்படிப்பட்டவை. தருமபுரி, கிருஷ்ணகிரியில் ஃப்ளோரைடு. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தடுப்பு என்று இருக்கிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் போர் தண்ணீரில் கடல் உப்பு. இவற்றுக்குக் கரி, அது சர்க்கரைக் கரியோ தேங்காய் ஓட்டுக் கரியோ, பெரிதாக உதவாது. 'தண்ணீரைச் சுத்திகரிக்கும்' என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

கேள்வி 4: கூட்டத்தில் என்ன ஆகும்?

சோதனைச் சாலைத் தண்ணீரில் கரியும் மாசும் மட்டும் தனியாகச் சந்திக்கின்றன, நேரமும் தாராளம். ஏரித் தண்ணீர் அப்படியில்லை. அழுகிய இலை, பாசி, மண் இவற்றிலிருந்து வந்த கரிமப் பொருள் லிட்டருக்குச் சில மில்லிகிராம் அதில் கரைந்திருக்கும். பூச்சிக்கொல்லி மைக்ரோகிராம் கணக்கு. அதாவது வேண்டாத விருந்தாளிகள் ஆயிரம் மடங்கு அதிகம். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு குறிப்பிட்ட ஆளைத் தேடுவது மாதிரிதான். அவரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே எல்லா இருக்கையிலும் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

நேரமும் உண்டு. பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் கரிப் படுகையில் தண்ணீர் பத்து நிமிஷம் போல இருக்கும்படி வடிவமைப்பார்கள். வீட்டு ஆர்ஓ இயந்திரத்தின் கார்பன் ஃபில்டரில் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு. தி. நகரில் உதிரிபாகம் விற்கிற ஒரு சின்னக் கடையில் ஒருமுறை கேட்டேன், இந்தக் கார்பன் எத்தனை நாள் வேலை செய்யும் என்று. "டேங்கர் தண்ணின்னா மூணு மாசம், மெட்ரோ வாட்டர்னா ஆறு மாசம் சார். கம்பெனி ஒரு வருஷம்னு எழுதுவாங்க, நீங்க பார்த்துக்குங்க" என்றார். லாங்மியூரைப் படிக்காத அந்த மனிதர் சொன்னதுதான் சரியான அணுகுமுறை. தண்ணீரைச் சொல்லாமல் கரியின் ஆயுளைச் சொல்ல முடியாது.

கேள்வி 5: விலை குறைவு என்றால், எதைவிட?

ஒரு சர்க்கரை மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்ஸிஜன். எடைக் கணக்கில் 342-க்கு 144 கார்பன், அதாவது 42 சதவீதம். ஒரு அணுகூட வீணாகாமல் மாற்றினாலும் ஒரு கிலோ சர்க்கரை 421 கிராம் கரிதான் தரும். நிஜத்தில் நிறைய கார்பன் வாயுவாகவும் தாராகவும் போய்விடும். மளிகைக் கடையில் கிலோ 45 ரூபாய் என்று வைத்தால், கனவு நிலையிலேயே ஒரு கிலோ கரிக்கு மூலப்பொருள் செலவு மட்டும் 107 ரூபாய். அதன் மேல் 750 டிகிரி உலை, நைட்ரஜன் சிலிண்டர், கந்தக அமிலம், அந்த அமிலத்தைக் கழுவி நடுநிலையாக்கும் செலவு.

எதிரணியில் யார்? தேங்காய் ஓடு. காங்கேயம், பொள்ளாச்சி பக்கம் தேங்காயை உடைத்த பிறகு மிஞ்சுகிற பொருள். அதிலிருந்து கரியும் ஆக்டிவேட்டட் கார்பனும் செய்வது அங்கே நடந்துகொண்டிருக்கும் தொழில், ஏற்றுமதியும் உண்டு. அந்தக் கரிக்குழிகளின் புகையும், சுற்றியுள்ள கிணறுகளில் இறங்கும் கழிவும் தனிப் பிரச்சினை. அதைச் சரிசெய்வதே பெரிய ஆய்வுத் தலைப்பு. ஆனால் விலைப் போட்டியில், சாப்பிடுகிற சர்க்கரை வீணாகிற ஓட்டை ஜெயிப்பது கஷ்டம்.

மறுபயன்பாடு என்ற வார்த்தையையும் நிறுத்திக் கேட்க வேண்டும். கரைப்பான் ஊற்றிப் பூச்சிக்கொல்லியைக் கழுவினால், கரி சுத்தம். பூச்சிக்கொல்லி கரைந்த கரைப்பான் இப்போது யார் கையில்? மாசு அழியவில்லை, வீடு மாறியிருக்கிறது. இது பரப்புக் கவர்தல் முறைகள் எல்லாவற்றுக்கும் உள்ள கேள்வி. 'பசுமை முறை' என்று தொடங்கும் சுருக்கத்தில் இதற்கு ஒரு வாக்கியமாவது இடம் இருந்திருக்கலாம்.

அப்படியானால் இதில் என்னதான் இருக்கிறது?

நிறைய இருக்கிறது. ஆனால் அது தலைப்பில் இல்லாத இடத்தில் இருக்கிறது. இந்தக் கட்டுரையின் உண்மையான சரக்கு மணல்.

நானோ அளவுக் கார்பன் தூள் ஆய்வகக் குடுவையில் அற்புதமாக வேலை செய்யும். வீட்டு ஃபில்டரில் போட்டால் இரண்டு கதிதான்: ஒன்று தண்ணீரோடு சேர்ந்து டம்ளருக்கு வந்துவிடும், இல்லையென்றால் அடைத்துக்கொண்டு தண்ணீரையே விடாது. எத்தனையோ அருமையான பொருள்கள் இந்த இடத்தில்தான் செத்துப்போயின. பசை போட்டு ஒட்டினால் பசையே துளைகளை மூடிவிடும். பசை இல்லாமல், மணல் துகளின் மேலேயே கரியை உருவாக்கி அங்கேயே நிற்க வைத்தால் இரண்டு சிக்கலும் தீர்கிறது. துகள் மணல் அளவு, தண்ணீர் தாராளமாக ஓடும். மேலே மெல்லிய கரி, உள்ளே ஆழமாகப் போய்த் திரும்ப வேண்டியதில்லை. சர்க்கரை இதற்குப் பொருத்தம், ஏனென்றால் அது கரையும், பாகாகி ஒட்டும், எல்லாத் துகள் மேலும் சமமாகப் படியும். அடுத்த வருஷமே அதே குழு சர்க்கரைக்குப் பதில் தாரை வைத்து இதே வித்தையைச் செய்து வெளியிட்டது. சர்க்கரை மாறலாம், மணல் மாறவில்லை என்பதே எது முக்கியம் என்று சொல்லிவிடுகிறது.

பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் மூன்று பானை வடிகட்டி படம் நினைவிருக்கிறதா? ஒரு பானையில் மணல், ஒரு பானையில் கரி, கீழே சுத்தமான தண்ணீர். இவர்கள் அந்த இரண்டு பானைகளை ஒரே துகளுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். சென்னைக்கு மணலை நம்பிய வரலாறும் உண்டு. 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் மெதுமணல் வடிகட்டிகளைக் கொண்டுவந்த பொறியாளர் மேட்லியின் பெயரைத்தான் தி. நகரில் தினமும் மேட்லி ரோடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். 'கிராஃபீன்' என்பதற்குப் பதில் 'கரி பூசிய மணல்: பசையில்லாமல் ஒட்டும் முறை' என்று தலைப்பு வைத்திருந்தால் இவ்வளவு பேர் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் படித்தவர்கள் சரியான விஷயத்தை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கட்டுரைக்கு நான் எழுதக்கூடியதைவிட நல்ல விமர்சனம் அதே ஆய்வகத்திலிருந்தே வந்திருக்கிறது என்பது என் எண்ணம். 2013-ல் பிரதீப் குழு 'பிஎன்ஏஎஸ்' இதழில் இன்னொரு கட்டுரை வெளியிட்டது. கைட்டோசான் என்ற உயிர்ப்பலபடியைக் கொண்டு உலோக ஆக்சைடு-ஹைட்ராக்சைடு துகள்களைக் குருணையாகச் செய்வது, அதில் வெள்ளி அயனியை மெதுவாக, தொடர்ந்து வெளிவிட வைப்பது. உலை இல்லை, ஏறக்குறைய அறை வெப்பநிலையிலேயே நடக்கிறது. ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு இரண்டரை டாலர் என்று செலவுக் கணக்கும் சுருக்கத்திலேயே இருக்கிறது. ஆர்சனிக்கை நீக்கும் 'அம்ரித்' தொழில்நுட்பம் கிராமங்களுக்குப் போனது. அதற்கும் முன்னால், வெள்ளி நானோ துகள் கொண்டு பூச்சிக்கொல்லி நீக்கும் அவர்களுடைய முறை வீட்டுச் சுத்திகரிப்பானாகவே கடைக்கு வந்தது. 2020-ல் பத்மஸ்ரீ, 2022-ல் சவூதியின் இளவரசர் சுல்தான் நீர்ப் பரிசு என்று அங்கீகாரம் கிடைத்தது இந்த மொத்த வேலைக்கு.

இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று 'ஒரு கிராமுக்கு எவ்வளவு' என்று பேசுகிறது. இன்னொன்று 'ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு' என்று பேசுகிறது. நான் வைத்த ஐந்து கேள்விகளும் இந்த ஒரு மாற்றத்துக்குள் அடங்கிவிடும்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஒரு கட்டுரையின் தலைப்பு கொஞ்சம் மிகைதான், போகட்டுமே என்று விடலாம். விட முடியாததற்குக் காரணம் மாணவர்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் வேதியியல், கெமிக்கல், சுற்றுச்சூழல் பிரிவுகளில் 'ஏதோ ஒரு தோலிலிருந்து கரி செய்து மெத்திலீன் நீலத்தை நீக்குதல்' என்ற புராஜெக்ட் இல்லாத வருஷம் இருக்குமா? வாழைத் தோல், புளியங்கொட்டை, வேப்பிலை, நிலக்கடலை ஓடு. கரி செய், சாயத்தில் போடு, லாங்மியூர் கோடு வரை, முந்தினவரை விடப் பெரிய எண் காட்டு, முடிந்தது. அந்தக் கரியில் ஒரு குடம் தண்ணீராவது ஒரு வீட்டுக்குப் போயிருக்குமா? பெரிய ஆய்வகங்கள் தலைப்பில் கொண்டாடுகிற எண்ணைத்தான் சின்னக் கல்லூரிகள் துரத்தும். துரத்துகிற எண் தப்பாக இருந்தால் ஆயிரக்கணக்கான இளைஞர்களின் உழைப்பு தப்பான பக்கம் ஓடும். அவர்களில் பலர் வீட்டுக் குழாயில் வருவதே நல்ல தண்ணீர் இல்லை என்பதுதான் இதில் கசப்பான விஷயம்.

இதைப் படிக்கிற மாணவர் யாராவது இருந்தால், உங்கள் புராஜெக்டில் கரியை மாற்ற வேண்டாம், தண்ணீரை மாற்றுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீருக்குப் பதில் உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரையோ ஏரித் தண்ணீரையோ எடுங்கள். லிட்டருக்கு நூறு மில்லிகிராமில் தொடங்காமல், அளக்க முடிகிற மிகக் குறைந்த செறிவில் தொடங்குங்கள். குடுவையில் குலுக்குவதோடு நிறுத்தாமல் ஒரு குழாயில் நிரப்பி, வெளியே வரும் தண்ணீரில் மாசு எத்தனையாவது லிட்டரில் தலைகாட்டுகிறது என்று எழுதுங்கள். பக்கத்திலேயே கடையில் வாங்கிய தேங்காய் ஓட்டுக் கரியை அதே எடையில், அதே குழாயில் ஓட்டுங்கள். உங்கள் கரி தோற்றால் தோற்றதாகவே எழுதுங்கள். கடைசிப் பத்தியில், தீர்ந்துபோன கரியை எங்கே கொட்டுவீர்கள் என்றும் சொல்லுங்கள்.

மாணவர் அல்லாத நாம், அடுத்த முறை 'வாழைத்தண்டிலிருந்து அதிசயக் கரி' என்று ஒரு செய்தி வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: எந்தத் தண்ணீரில்?